உடும்பு தலை சாய்த்த ஷாட்

உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டீர்கள்: நீங்கள் வேலை பார்த்ததிலேயே நல்ல ஷாட் எது மேடம், லிங்க் இருந்தால் அனுப்புங்களேன் என்று. நான் மழையைப் பற்றி ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ரிட்டயர் ஆனவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. ஆனால் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி ஒரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று இதிலேயே பிழைக்க வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

லிங்க் கிடையாது. அந்த ஷாட் இப்போது எங்கும் இல்லை. அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். லென்ஸ், லைட், சாஃப்ட்வேர் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிறது.

நான் கொல்லயில்காரி. நெய்யாற்றின்கரைப் பக்கம், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லையோர ஊர். எங்கள் குடும்பத்தில் பெண்கள் டீச்சர் ஆவார்கள், இல்லையென்றால் நர்ஸ் ஆவார்கள். நான் இரண்டும் ஆகாமல் கல்யாண ஆல்பம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடலோரக் குளத்தூரிலிருந்து ஒரு பையன், எங்கோ சினிமா படித்துவிட்டு வந்தவன், ஒரு நாள் என்னைத் தேடி வந்தான். ராட்சத உடும்பு ஒன்றை வைத்துப் படம் எடுக்கப் போவதாகவும், அதற்குப் பொறுமையான ஒரு கேமராக்காரர் வேண்டும் என்றும் சொன்னான். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் கல்யாணவீட்டு மாமன்மாரை வரிசையில் நிற்க வைப்பதைவிட உடும்பு மேல் என்று போனேன்.

அணுகுண்டு பயம் உலகத்தைப் பிடித்து ஆட்டிய காலத்தில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்திலோ பனிக்கடலிலோ குண்டு வெடிக்கும். அதில் பல்லியோ ஆக்டோபஸோ பெரிய கட்டிடம் அளவுக்கு வளர்ந்து ஊருக்குள் வரும். பட்டாளம் சுட்டுக் கொல்லும். கோட்டு போட்ட விஞ்ஞானி கடைசியில் ஒரு வசனம் பேசுவார். மனிதர்கள் எல்லோரும் மரக்கட்டையாக நிற்க, அந்தப் படங்களில் உருப்படியாக நடிப்பது மிருகம் ஒன்றுதான். அதுவும் ஒரு முழ நீள ரப்பர் பொம்மை. எங்கள் டைரக்டர் பையனுக்கு அந்தப் படங்கள் மேல் பைத்தியம். எங்கள் கடற்கரையில் கருமணல் உண்டு, கருமணலில் கதிர்வீச்சு உண்டு, பிறகு அமெரிக்காக்காரன் குண்டு எதற்கு என்பான். அவன் கதையில் குளத்தூர் கடலோர மணலில் புதைந்து கிடந்த உடும்பு முட்டை பொரிந்து, குஞ்சு மலையாக வளர்ந்து, நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டை மிதித்து, பாறசாலை ரயில்வே கேட்டைத் தூக்கி எறிந்து, வெள்ளறடை மலையில் ஏறிச் செத்துப்போகும்.

வெள்ளறடையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரை ஒன்றைப் பிடித்தோம். ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் புகை படிந்து கரிக்கறுப்பு. வெளியே வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் உள்ளே வெளிச்சம் மாறாது. எங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே குறை, எங்கள் துணியில் ஏறிய புகை நாற்றம் எத்தனை துவைத்தும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே வரும்.

உடும்பைச் செய்ததும், அதை அசைத்ததும் ஒரே மனிதர். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். பாறசாலையில் ஒரு லேபில் பல்செட் செய்துகொண்டிருந்தவர் என்பதால் நாங்கள் அவரைப் பல்செட் அண்ணன் என்றே கூப்பிட்டோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். பிளாஸ்டரில் அச்செடுப்பது, அக்ரிலிக்கை ராவுவது, ஒருவர் வாய்க்குச் சரியாக உட்காரும்வரை விடாமல் தேய்ப்பது எல்லாம் அவருக்குப் பழகிய வேலை. உடும்பின் எலும்புக்கு எஃகுக் குண்டு மூட்டுகள் செய்தார். தோலுக்குப் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் பால். பல் வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு சுத்தமான பல்செட் எங்கள் ஊரில் எந்தப் பெரியவர் வாயிலும் கிடையாது என்று டைரக்டர் சொல்லிச் சிரிப்பான்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். ஷாட் ஓடும்போது என் மானிட்டரை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நாம் ஐந்து படத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்துவோம் இல்லையா, அது அவருக்குப் பிடிக்காது. பார்த்தால் கை கூசும் என்பார். முடிந்த ஷாட்டையும் பார்க்க மாட்டார். ஆட்களோடு உட்கார்ந்து, ஆட்களுக்குக் காட்டும்போதுதான் பார்ப்பாராம். நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் அவரைப் புரியும். பக்கத்தில் பாறைக்குவாரி உண்டு. வெடி வைக்கும் முன் விசில் ஊதுவார்கள், நாங்கள் கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அன்றைக்கு விசிலே இல்லாமல் வெடித்துவிட்டது. உடும்பு ஒரு காலைத் தூக்கி வைக்கிற நேரம். மேஜை அதிர்ந்து, பொம்மை விரல் அளவு நகர்ந்துவிட்டது. காலையிலிருந்து எடுத்தது அத்தனையும் போச்சு என்று நான் கேமராவை நிறுத்தப் போனேன். அவர் உடும்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கும் சத்தம் கேட்டிருக்குமில்லியா?" என்றார்.

பிறகு அந்த இடத்திலிருந்தே உடும்பைச் சட்டென்று நிற்க வைத்து, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். சற்று நேரம் கேட்டுவிட்டு அது மறுபடி நடந்தது. டைரக்டர் பின்னால் அந்த இடத்தில் ஒரு சைரன் சத்தத்தைச் சேர்த்தான். பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. பிழை வந்தால் முதலில் மிருகத்தைப் பாருங்கள், கேமராவைப் பிறகு பார்க்கலாம். நான் அவரிடம் கற்றது அது, உங்களுக்கும் உதவும்.

அவருடைய மனைவி வீட்டில் இருந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். ஒருமுறை புகைப்புரைக்கு வந்தார், இருட்டில் நின்று உடும்பைப் பார்த்தார், சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனார். நல்ல வேலையை விட்டுவிட்டு மனுஷன் பல்லிக்குப் பல் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கு வருத்தம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்தது என்று அண்ணனே என்னிடம் சொன்னார். படம் நல்லபடியாக அமைந்தால் இதே தொழில். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பழைய லேபுக்குத் திரும்பிவிட வேண்டும். லேப்காரர் அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

கடைசியாக எடுத்தது உடும்பு சாகிற ஷாட். மறுநாள் கொல்லயிலில் எங்கள் சர்ச் ஹாலில் படத்தைப் போட்டுக்காட்ட ஏற்பாடு. படத்தை வாங்கி டிவிக்கு விற்கும் கம்பெனிக்காரர்கள் கொச்சியிலிருந்து வருகிறார்கள். திட்டப்படி, பீரங்கிக் குண்டு பட்ட உடும்பு அலறும், வாலை விளாசும், பாறையில் மோதிப் புரண்டு விழும். அண்ணன் காலையிலேயே தொடங்கிவிட்டார். பாதி ஷாட்டில் கழுத்து மூட்டு தளர்ந்துபோனது. மாதக்கணக்கில் திருப்பித் திருப்பித் தேய்ந்த மூட்டு. அவர் தலையை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்கும் நான் படம் எடுப்பதற்கும் நடுவில் அது கீழே இறங்கியது. அதை மானிட்டரில் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் நிறுத்தி, தோலைக் கிழித்து, மூட்டை இறுக்கி, ஷாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் தொழில் முறை. அதற்கு நேரம் இல்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் உடும்பின் முதுகில் கை வைத்தபடி கேட்டார். "எவ்வளவு விழுது?"

"ஒரு நூல் அளவு."

"எல்லா மட்டமும் ஒரே அளவா?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் அண்ணா."

"அப்பம் விடு பிள்ளே. அது இனி அலறாண்டாம். தளந்து போச்சு, அதாக்கும்."

அன்றைக்கு நான் பார்த்ததைப்போல் வேறு எதையும் இந்தத் தொழிலில் பார்க்கவில்லை. வால் விளாசலையும் புரளலையும் அங்கேயே விட்டுவிட்டார். கழுத்து தானாக இறங்குகிற வேகத்துக்கு மற்ற உறுப்புகளைக் கொண்டுவந்தார். முன்னங்காலை மெல்ல மடக்கித் தாடைக்கு அடியில் கொண்டுபோனார், வேலை முடிந்து வந்தவர் கையை மடித்து வைத்துப் படுப்பதைப்போல. விலாவில் மூச்சு ஏறி இறங்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார். தலை கையில் சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. எல்லாம் அடங்கியபின் வால் நுனி மட்டும் ஒருமுறை சுருண்டு, விரிந்தது. சாயங்காலம் வெளியே வந்தபோது அவருக்குக் கை நிமிரவில்லை. நான் ஷாட்டை ஓட்டிப் பார்த்தேன். வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சர்ச் ஹாலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஒரு பகல் நேரம் படத்தைப் போட்டோம். பெரும்பாலும் எங்கள் வீட்டுக்காரர்கள், தெரிந்தவர்கள். கொச்சிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணனின் மனைவி என் பக்கத்தில். அண்ணன் உட்காராமல் வாசல் ஓரம் நின்றார். ஹாலில் நல்ல கும்மாளம். உடும்பு நெய்யாற்றின்கரையை மிதித்தபோது தன் கடையைக் கண்டுகொண்ட ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ரயில்வே கேட் பறந்தபோது விசில் பறந்தது, தினமும் அந்த கேட்டில் காத்துக் கிடக்கிறவர்கள் இல்லையா.

கடைசி ஷாட் வந்தது. கைதட்டல் இல்லை, சிரிப்பு இல்லை. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் விசும்பல் கேட்டுத் திரும்பினேன். அண்ணனின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு ஆரும் இல்லியே, பிள்ளே."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். இனி இவர் பல் லேபுக்குப் போக வேண்டியதில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

விளக்கு போட்டதும் கொச்சிக்காரர்களில் ஒருவர் பேசினார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் மலையாளத்தில் பேசினார். படம் பிடித்திருக்கிறது, வாங்கிக்கொள்கிறோம், ஆனால் முடிவு சரியில்லை என்றார். ராட்சதன் செத்தால் ஜனங்கள் கைதட்ட வேண்டும், இங்கே எல்லோரும் சாவுவீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் உடும்பை வெடிக்க வைத்துவிடலாம், அதை நாங்களே செய்துகொள்கிறோம் என்றார். டைரக்டர் முடியாது என்று சண்டைக்குப் போனான். நானும் என் பங்குக்குக் கத்தினேன், எங்கள் சர்ச் ஹாலில் என் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்றைக்குத்தான். கொச்சிக்காரரும் கொஞ்சம் இறங்கி வந்தார். செய்தவர் என்ன சொல்கிறாரோ அப்படி விட்டுவிடலாம் என்று அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் வாசலில் நின்றபடியே, "மாத்திருங்க" என்றார். அவ்வளவுதான். நாங்கள் பிடித்து நிறுத்துவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

படம் விற்றது. டிவியில் வந்தபோது கடைசியில் உடும்பு தீப்பிழம்பாக வெடித்துச் சிதறியது. என் அக்கா பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் அடுத்த வாரமே லேபுக்குத் திரும்பிவிட்டார். டைரக்டர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தான், டீ கொடுத்து அனுப்பிவிட்டாராம். எங்களுக்குக் கோபம். சொந்த ஷாட்டுக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர் என்று அவரைப் பற்றிப் புறம்கூடப் பேசினோம். அந்தக் காலத்தில் ஒரு வேலை முடிந்தால் டிஸ்கைக் காலி பண்ணிவிட்டு அடுத்த வேலையை அதில் ஏற்றுவது எங்கள் வழக்கம். அப்படித்தான் அந்த ஷாட்டும் அழிந்தது. செய்தவரே வேண்டாம் என்றதை யார் பத்திரப்படுத்துவார்கள்? பத்திரப்படுத்துங்கள். வெட்டி எறிவதை முதலில் பத்திரப்படுத்துங்கள். செய்தவர் ஏன் வேண்டாம் என்றார் என்று தெரிகிறவரையிலாவது அதன்மேல் வேறு எதையும் ஏற்றாதீர்கள்.

சில வருஷம் கழித்து எனக்கு ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. அந்தச் சாக்கில் பாறசாலை லேபுக்குப் போனேன். அண்ணன் அதே சிரிப்போடு முக்காலியை இழுத்துப் போட்டார். யாருடைய பல்செட்டையோ ராவிக்கொண்டே ஊர்க்கதை பேசினார். என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் ராவுவதை நிறுத்தவில்லை. "வீட்டுக்காரி கண்ணு கலங்கிக் கரைஞ்சா பிள்ளே, நான் கண்டேன்" என்றார். "இந்தத் தொழில்ல பல்செட்ட வாயில வச்ச உடனே ஆளுக்க கண்ணு நிறைஞ்சா, எங்கியோ குத்துது எண்ணாக்கும் அர்த்தம். நல்லா இருக்குன்னு வாயால சொல்லுவினும். அத நம்பப்பிடாது. எடுத்து ராவணும். நான் லேப விட்டுட்டுப் போனது அவளுக்கு அவ்வளவு குத்திச்சு எண்ணு அண்ணைக்காக்கும் தெரிஞ்சுது. பின்ன என்ன ஷாட்டு?"

ஹாலில் அவர் மனைவி என் காதில் சொன்னதை இத்தனை வருஷம் என்னிடமே வைத்திருந்திருக்கிறேன். கட்டின புருஷனிடம் சொல்லாமலா இருப்பார் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ, ஷாட்டை எடுத்துவிடச் சொன்ன மனுஷனிடம் போய் அதைப்பற்றிப் பேசுவானேன் என்று விட்டிருக்கிறார். அவங்க அழுதது உங்களுக்காக இல்லை அண்ணா, அந்த உடும்புக்காக என்றேன். அந்த அம்மா என் காதில் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

அண்ணன் கையிலிருந்த பல்செட்டை மேஜையில் வைத்தார்.

"அது எப்பிடி இருந்துது, மக்கா?" என்று கேட்டார். "நான் பாக்கல்லியே. அந்நேரம் அவளையில்லியா பாத்துட்டு நிண்ணேன்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. தன் கையால் செய்ததை அந்த மனிதர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இனிப் போட்டுக்காட்டவும் வழியில்லை. டிஸ்க் அழிந்துவிட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து லேபைப் பூட்டினார். வீட்டுக்கு வா, நீயும் அவளுமாகச் சேர்ந்து சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றார்.

போனோம். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். விஷயத்தை நான் சொன்னதும் புருஷனை ஒரு பார்வை பார்த்தார், அதை நான் இங்கே எழுத மாட்டேன். அண்ணன் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் தொடங்கினேன், கால் மடங்கியது, தாடை இறங்கியது, மூச்சு நின்று நின்று வந்தது என்று. அக்கா என்னை அதிக நேரம் பேச விடவில்லை. எனக்கு நல்லா ஓர்மை உண்டு, ஒண்ணும் மறக்கல்ல, நான் சொல்கிறேன் என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டார். கையை மடக்கிக் காட்டினார், கழுத்தைச் சாய்த்துக் காட்டினார்.

"தலைய வைக்கதுக்கு முன்ன ஒருக்கா திரும்பிப் பாக்கும்" என்றார். "வந்த வழிய, கடலப் பாத்து. அதக் கண்டப்பமாக்கும் எனக்குச் சகிக்கல்ல. பாத்துதில்லியா?"

அந்த ஷாட்டில் உடும்பு திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் எடுத்தவள் நான், எனக்குத் தெரியும். ஒவ்வொரு அசைவையும் கையால் வைத்தவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

"பாத்துது" என்றார் அண்ணன்.